இரண்டாவது வரி

ஐரிஷ் மொழியில் எனக்கு ஒரேயொரு முழு வசனம் இன்றைக்கும் பிசகாமல் வரும். கழிப்பறைக்குப் போக எனக்கு அனுமதி உண்டா என்பதுதான் அது. அயர்லாந்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, அத்தனை வருடம் அந்த மொழியைக் கட்டாயமாகப் படித்த பிறகும், கடைசியில் மிஞ்சுவது இந்த ஒரு வசனம்தான் என்று எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் அயர்லாந்தைக் கண்டதில்லை. மெல்பேர்னில், நோபல் பார்க்கில், சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கப் போன இடத்தில் அந்த வசனம் என்னிடம் வந்து சேர்ந்தது. அதோடு சேர்ந்து நடந்த மற்ற விஷயத்தை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் படகில் வந்து சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தது தற்காலிக விசா. அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுதாகத் தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை தபாலில் ஒரு நீள உறை வரும், வந்த அன்றைக்கு அம்மா சமைக்க மாட்டார், அப்பா பேச மாட்டார் என்பது மட்டும் தெரியும். அன்றிரவு நாங்கள் கடையில் வாங்கிய பாணும் சம்பலும் சாப்பிடுவோம். எனக்குப் பாண் பிடிக்கும் என்பதால் அந்த உறைகள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இருக்கவில்லை.

அப்பாவுக்கும் கடதாசிக்கும் ஆகாது. டண்டினோங்கில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் அவர் வேலை செய்தார். விடியக் காலையில் போய் குளிரறைக்குள் நின்று கரட் மூட்டைகளைத் தூக்குவார், ஒரு சொல் முறைப்பாடு வராது. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் கடிதம் கொண்டு வந்தால் போதும், முகம் மாறிவிடும். விலங்குக் காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போக அனுமதி கேட்டு வந்த அரைப் பக்கத்தை மூன்று நாள் வைத்திருந்தார். பக்கத்து பிளாட்டில் இருந்த மலேசியத் தமிழ் அங்கிளிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லி, அவர் மனைவியிடமும் கொடுத்து இன்னொருமுறை வாசிக்கச் சொல்லி, இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்களா என்று பார்த்த பிறகுதான், பயணத்தன்று காலையில், கையெழுத்து வைத்தார். நான் போய்ச் சேரும்போது மற்றப் பிள்ளைகள் குரங்குக் கூட்டைத் தாண்டிப் போயிருந்தார்கள். அப்பா படிப்பில்லாதவர், அதனால் வெட்கப்படுகிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில் அவர் ஊரில் உயர்தர வகுப்பு வரை படித்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் இருந்தபோது, எனக்கு நாலு வயது தொடக்கம் ஆறு வயது வரை, அப்பா வீட்டில் இருக்கவில்லை. "அப்பா கொழும்பில வேலை" என்று அம்மா சொன்னார். இரண்டு வருடம் கழித்து மெலிந்து போய் ஒரு சொப்பிங் பையோடு வந்து படலையில் நின்றார். பைக்குள் எனக்கு ஒன்றும் இல்லை. கொழும்பில் இத்தனை நாள் வேலை செய்துவிட்டு ஒரு பொம்மைகூட வாங்கி வரவில்லையே என்று நான் அன்று முழுக்க அழுதேன். அம்மாவும் அழுதார், ஆனால் அவர் அழுதது பொம்மைக்காக இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு ஆரம்பப் பாடசாலைக் கட்டடத்தில் நடந்தது. வார நாட்களில் அது வேறு பிள்ளைகளுடைய பள்ளிக்கூடம். சனிக்கிழமை மட்டும் வாடகைக்கு எங்களுக்கு. எதையும் தொடக்கூடாது என்பது முதல் பாடம். உள்ளே நுழைந்ததும் அதிபர் அன்ரி வெண்பலகையைத் தன் போனில் படம் பிடிப்பார். போகும்போது அது அப்படியே இருக்க வேண்டும். மேசைக்குக் கீழே ஒட்டியிருந்த சூயிங்கம்கூட திங்கட்கிழமைப் பிள்ளைகளுடையது என்று நாங்கள் நம்பினோம்.

எங்கள் வகுப்பு பதினொன்றரைக்கு முடிந்துவிடும். பெரிய வகுப்பு ஒரு மணிவரை நடக்கும். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை, அப்பாவுக்கு அரை நாள் வேலை. ஆகவே அப்பா வரும்வரை நான் நடைபாதையில் பைகள் கொழுவும் கொக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். எதிர் அறையை ஒரு ஐரிஷ் வகுப்பு வாடகைக்கு எடுத்திருந்தது. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஒருநாள் அங்கே படிப்பிக்கிற சேர் வெளியே தலையை நீட்டி, அங்கே குளிரும், உள்ளே வந்து உட்கார் என்று கூப்பிட்டார். போனேன். பிஸ்கட்டும் தந்தார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடாமலே போனேன்.

அவர் வாத்தியார் மாதிரி இருக்க மாட்டார். முப்பது வயதுகூட இருக்காது. கிழமை நாட்களில் கட்டட வேலை செய்து வீட்டுச் சுவர்ப் பலகைகளைப் பூட்டுகிறவர். சப்பாத்திலும் தலைமயிரிலும் வெள்ளைத் தூள் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் விற்கும் மீன் ரோல்ஸை வாரம் தவறாமல் வாங்கிச் சாப்பிட்டு, உறைப்பில் முகம் சிவந்து, அடுத்த வாரம் திரும்பவும் வந்து நிற்பார். எதைச் சொன்னாலும், பரவாயில்லை என்ற பொருளில், "நோ பாதர்" என்பார். தண்ணீரைத் தட்டி விட்டால் நோ பாதர், பாடம் செய்யாமல் வந்தால் நோ பாதர். எங்கள் தமிழ் வகுப்பில் ழகரம் வராத பிள்ளை படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த அறை சொர்க்கமாக இருந்தது.

அங்கே ஒன்பது பிள்ளைகள். எல்லோரும் ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவருக்கும் அங்கே வர விருப்பமில்லை. அப்பாமார் பிடித்து இழுத்து வந்து விட்டுப் போவார்கள். சேர் கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார்கள். விருப்பத்தோடு போனவள் நான் ஒருத்திதான். காரணம் எளிது. பள்ளிக்கூடத்தில் என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், தமிழ் வகுப்பில் என் எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கே எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள். தண்ணீருக்கு "இஷ்கா" என்று நான் சொன்னதும் சேர் கைதட்டினார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்காக ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அப்பா வந்து கதவடியில் நின்று பார்ப்பார். வெள்ளைக்காரர் படிப்பிக்கிறார், வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே இது ஆங்கில வகுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். காசு வாங்காமல் ஆங்கிலம் படிப்பிக்கிற நல்ல மனிதன் என்று சேரைப் பார்க்கும்போதெல்லாம் மார்பில் கை வைத்துத் தலை குனிவார். தன்னோடு வேலை செய்கிறவர்களிடம், "என்ர பிள்ளை சனிக்கிழமையும் இங்கிலிஷ் படிக்குது" என்று சொல்வதை நான் போனில் கேட்டிருக்கிறேன். நான் திருத்தவில்லை. திருத்தினால் என்னைத் திரும்ப நடைபாதைக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன்.

குளிர்காலம் தொடங்கியபோது சேர் ஒரு செய்தி சொன்னார். அயர்லாந்தில் அரசாங்கத்தின் மொழி வாரியம் ஒன்று இருக்கிறது. ஐரிஷ் மொழியை ஆட்கள் மறக்காமல் பேச வைப்பதுதான் அதன் வேலை. அந்த வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி அவுஸ்திரேலியாவுக்கு வருகிறார். சிட்னியிலும் மெல்பேர்னிலும் நடக்கிற வகுப்புகளைப் பார்த்துவிட்டுப் போவார். வாரியம்தான் எங்கள் அறைக்கு வாடகை கொடுக்கிறது, புத்தகம் அனுப்புகிறது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் அடுத்த வருடமும் கொடுக்கும். ஒன்பதென்றால் கொடுக்காது. பத்தாவது பிள்ளை பிரிஸ்பேனுக்குப் போய் ஆறு மாதமாகிறது.

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நீ ஒரு நாளும் வராமல் விட்டதில்லை, உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். உன் வீட்டில் ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார்.

அந்த இரண்டு கிழமையும் நான் கால் நிலத்தில் படாமல் திரிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் இல்லாவிட்டால் ஒரு வகுப்பே நின்றுவிடும். நான் இருந்து ஒரு காரியம் நடக்கும் என்பது அதுவரை என் வாழ்க்கையில் வந்திராத நிலைமை. குசினியில் கோப்பை கழுவும்போதும் ஐரிஷ் சொற்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா, "இங்கிலிஷ்தானே கதைக்கிறாய், ஏன் உப்பிடி இழுக்கிறாய்?" என்று கேட்டார். கடிதத்தைப் பற்றியோ கையெழுத்தைப் பற்றியோ வீட்டில் மூச்சு விடவில்லை. முன்னமே சொன்னால் அப்பா அதைக் கொண்டு மலேசிய அங்கிள் வீட்டுக்குப் போவார், மூன்று நாள் வைத்திருப்பார், குரங்குக் கூடு மாதிரி இதுவும் போய்விடும். அந்த இடத்தில் வைத்துத் திடீரென்று நீட்டினால் வைத்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பத்து வயதில் எனக்கு இருந்த தந்திரத்தை நினைத்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை வந்தது. வாரியத்து அதிகாரி பச்சைக் கம்பளிச் சால்வை போட்ட ஒரு அம்மா. எங்கள் உயரத்துக்குக் குனிந்துதான் பேசினார். ஒவ்வொரு பிள்ளையாகக் கேள்வி கேட்டார். முதல் ஒன்பது பேரும் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார்கள். என் முறை வந்ததும் நான் எழும்பி வணக்கம் சொன்னேன், பெயர் சொன்னேன், அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த மிக நீளமான வசனத்தை, நெஞ்சை நிமிர்த்திக் கவிதைபோல ஒப்புவித்தேன். கழிப்பறைக்குப் போக எனக்கு அனுமதி உண்டா? அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு பார்த்தேன், சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு அவர் எங்களுக்கு ஒரு விஷயம் சொன்னார். தன் பாட்டனுடைய பாட்டன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பேசினால் அடி விழுமாம். பேசாமல் பேசாமல் மறந்து போய்விட்டதாம். இப்போது அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் அனுப்பி, தயவுசெய்து பேசுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அரசாங்கம் கெஞ்சும் என்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பன்னிரண்டரைக்கு அப்பா வந்தார். குளிரறை ஜக்கெட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். அதிபர் அன்ரியும் ரோல்ஸ் தட்டோடு விருந்தாளிக்கு மரியாதை செய்ய வந்து நின்றார். மற்றப் பெற்றோர் கையெழுத்து வைத்து முடிந்திருந்தது. மேசையில் படிவம் விரித்திருந்தது. மேலே வீணைபோல ஒரு சின்னம், அதற்குக் கீழே நாலு வரி, அதற்குக் கீழே பெயர்களும் கட்டங்களும். முழுக்க ஐரிஷ். வாரியம் தன் காரியங்களைத் தன் மொழியிலேதான் செய்யும். அதில் அவர்களுக்குப் பெருமை. பத்தாவது கட்டத்தில் என் பெயர் எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டம் காலி.

அப்பா தாளைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த சொற்களைப் பார்த்தார்.

"இது இங்கிலிஷ் இல்லையே, பிள்ளை?"

"ஐரிஷ், அப்பா."

"அதென்ன?"

"அதுவும் இங்கிலிஷ் மாதிரித்தான்." சேருக்கும் வாரியத்து அம்மாவுக்கும் தமிழ் விளங்கியிருந்தால் எனக்கு அன்றைக்கு அங்கேயே நல்ல ஏச்சு விழுந்திருக்கும்.

"உந்த மனுசி ஆர்?"

"கவர்ன்மென்ட்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்பாவின் கை ஜக்கெட்டை இறுக்கிப் பிடித்தது. "எந்தக் கவர்ன்மென்ட்? அவையளுக்கு என்ர கையெழுத்து என்னத்துக்கு?"

அதிபர் அன்ரி இடையில் வந்தார். "சும்மா ஒரு சைன்தானே தம்பி. பிள்ளை படிக்குது எண்டு காட்ட. நாங்களும் உப்பிடித்தானே எங்கட பள்ளிக்கூடத்துக்கு வாங்குறனாங்கள்."

"வாசிச்சனீங்களோ அக்கா?"

"எனக்கெங்க உது விளங்கப் போகுது!" என்று அன்ரி சிரித்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ வாசிப்பியே?"

"ஓம்."

"அப்ப வாசிச்சுச் சொல்லு. விரலை வைச்சுச் சொல்லு."

எனக்கு அந்தத் தாளில் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. பெயர் என்ற சொல். சேர் பக்கத்தில்தான் நின்றார், அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஓம் என்று சொல்லியாகிவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வரியில் விரலை வைத்து, "பிள்ளையின்ர பேர் எண்டு கிடக்கு," என்றேன். இரண்டாவது வரி நீளமாக இருந்தது. "பிள்ளைக்குப் பத்து வயசு, சனிக்கிழமை ஒழுங்கா வருது எண்டு." மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் யோசிக்க நேரம் கொடுக்கக்கூடாதென்று அவசரமாக, "சும்மா ஃபோர்ம்தான் அப்பா. சைன் வையுங்கோ, வீட்ட போகலாம்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து மூடியைக் கழற்றிக் குனிந்தார். கட்டத்தின் மேல் நுனி தொடப்போனது. அப்படியே நின்றது. உள்ளங்கையால் தாளின் மேல்பாதியை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது வரி என்னெண்டு சொன்னனி?"

நான் சொன்னதுதானே, ஆனால் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. உண்மையாக வாசித்திருந்தால் நினைவிருந்திருக்கும்.

"அது... பெற்றோர் சம்மதிக்கினம் எண்டு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு பேனையின் மூடியைப் போட்டு, தாளுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

"எழும்பு பிள்ளை. போவம்."

சேர் முழந்தாளிட்டு, தாளைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். கேட்டு முடிந்ததும் மார்பில் கை வைத்து, "சொறி," என்றார். வாரியத்து அம்மா ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தபாலில் அனுப்புகிறேன் என்றார். அதற்கும் "யெஸ், சொறி." அதிபர் அன்ரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ரோல்ஸ் தட்டை எடுத்துப் போனார். சேர் எழும்பி முழங்காலைத் தட்டினார். "நோ பாதர்," என்றார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

காருக்குள் ஏறியதும் எனக்கு அழுகை வந்தது. அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. தமிழில் சொன்னால் அடி விழும் என்பதால் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறீர்கள், உங்களை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்காது என்று நினைத்தேன். விளங்காத அளவுக்குக் கஷ்டமான ஆங்கிலம் எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை என்பதை யோசிக்கவில்லை.

வீட்டுக்கு இரண்டு தெருதான். ஆனால் அப்பா வீட்டுப் பக்கம் திருப்பாமல் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே போனார். ஒரு கார்க் கடையின் வேலியோரம் நிறுத்தி, இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். சத்தி எடுக்கிறார் என்று தெரிந்தது. காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்தேன். எனக்கு இரக்கம்கூட வரவில்லை. திரும்பி வந்து வாயைத் துடைத்துவிட்டு, "இனிமேல் தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லாத," என்றார். அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பற்றி அவர் சொன்ன கடைசி வசனமும் அதுதான்.

அன்றிரவு அம்மாவிடம் போய், நீங்களாவது வையுங்கள் என்று கெஞ்சினேன். "அப்பா வைக்காத இடத்தில நான் வைக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டு அம்மா விளக்கை அணைத்தார். அடுத்த சனிக்கிழமை அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. ஆங்கிலப் படிவம் வந்ததா, வந்து யார் கையில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தவணையோடு ஐரிஷ் வகுப்பு நின்றது. சேர் பேர்த் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாராம். கடையில் கண்டபோது அதிபர் அன்ரி சொன்னார். அப்பாவிடம் இல்லை, அம்மாவிடம், அப்பா காதில் விழும்படியாக. அப்பா வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

ஒரு மனிதனுடைய பயத்தால் ஒரு வகுப்பு மூடப்பட்டது என்று நான் வெகுகாலம் நம்பினேன். பதினைந்து, பதினாறு வயதில் எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம் அது எனக்குள் எழும்பி நிற்கும். ஆனால் வாயால் சொன்னதில்லை. நானும் பொய் சொன்னவள் என்பதால்தான் சொல்லவில்லையே தவிர, அவர் மேல் உள்ள இரக்கத்தால் அல்ல.

போன மார்கழியில் விசா விஷயமாக வழக்கறிஞர் புதிய படிவம் ஒன்றை அனுப்பி, பழைய கோப்போடு சரிபார்த்து நிரப்பச் சொன்னார். இப்போது வீட்டில் கடதாசி எல்லாம் என் பொறுப்பு. அம்மாவின் சூட்கேஸுக்குள் ஒரு நெகிழிப் பையில் கோப்பு இருந்தது. வந்த புதிதில் அப்பா கொடுத்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். என் அப்பாவின் வாழ்க்கையை நான் முதன்முதலில் ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். இலக்கமிட்ட பந்திகள். பிறந்த இடம், படிப்பு, திருமணம், மகள். பிறகு பதினேழாம் பந்தியில் அப்பா சொல்லியிருந்தது இது.

என்னை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோன ஐந்தாம் நாள், எனக்கு முன்னால் சிங்களத்தில் எழுதிய தாள்களை வைத்தார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவர் ஒரு தமிழர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இது வெறும் படிவம், கையெழுத்து வையும், வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார். எங்கள் ஆள்தானே என்று நம்பி வைத்தேன். அது நான் குற்றங்களை ஒப்புக்கொண்டதாக எழுதிய தாள். இரண்டு வருடம் உள்ளே இருந்தேன். நான் அவரிடம் ஒருமுறைதான் கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பந்திக்குப் பிறகு என்னால் வாசிக்க முடியவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொழும்பில் வேலை. பொம்மை. மலேசிய அங்கிளும் அவர் மனைவியும். எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கு அந்த அறையில் தெரியாத மொழியில் ஒரு தாளை விரித்து வைத்து, பக்கத்தில் நின்று, முகாமில் அந்த மொழிபெயர்ப்பாளர் சொன்ன அதே சொற்களைத் தமிழில் நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். பச்சைச் சால்வை அம்மா சொன்ன கதையைச் சொல்லியிருக்கலாம். மொழியைப் பேசியதற்காக அடி வாங்கிய ஆட்கள் இவர்கள் என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஒருவேளை கையெழுத்தும் வைத்திருப்பார். மொழிபெயர்க்க நின்றவள் நான், அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கோப்பை வாசித்ததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. புதிய படிவத்தை நிரப்பிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். அவருக்கு இப்போது கண் மங்கல். கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, "எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவர் களைத்துப் போயிருந்தார். காட்டினால் அந்த இடத்தில் வைத்திருப்பார்.

"பொறுங்கோ அப்பா," என்று சொல்லி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தமிழில் சொன்னேன். தெரியாத சட்டச் சொல் வந்த இரண்டு இடத்தில், எனக்குத் தெரியவில்லை, வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்தி, அவருக்கு முன்னாலேயே போன் எடுத்துக் கேட்டேன். ஒன்பது பக்கம். அம்மா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தார், அது ஆறிப்போனது. இதற்கு என்ன பதில் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கிறாரா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

முடிந்ததும் முதல் பக்கத்தைத் திரும்ப மேலே வைத்து, உள்ளங்கையால் அதன் மேல்பாதியை மூடினார்.

"ரெண்டாவது வரி என்னெண்டு சொன்னனி?"

சொன்னேன். முதலில் சொன்னதையே, அதே சொற்களில் சொன்னேன்.

அப்பா கையை எடுத்துவிட்டுப் பேனையின் மூடியைக் கழற்றினார்.